கல்லாறு முதல் பொன்முடி வரை: அகல டயரும் தாழ்த்திய காரும் – சட்டம் அளக்க மறந்தது என்ன?

திருவனந்தபுரம்: நெடுமங்காடு, விதுரை வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலை, கல்லாறு என்னும் சிற்றூரைக் கடந்ததும் மலையேறத் தொடங்குகிறது. அங்கிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் உள்ள பொன்முடி வரை 22 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் ஓட்டுநர் ஸ்டீயரிங்கை ஏறத்தாழ இறுதிவரை திருப்ப வேண்டும். திரும்பும் வேளையில் வாகனத்தின் எடை வெளிப்புறச் சக்கரங்களின் மீது சாய்கிறது. இறங்கும்போது பிரேக்குகள் நெடுநேரம் உழைக்கின்றன. மழைக்காலத்தில் சாலையின் குறுக்கே நீர் வழிந்தோடுகிறது. 2022ஆம் ஆண்டு 12ஆவது வளைவுப் பகுதியில் மண்சரிவு ஏற்பட்டதால் இந்தப் பாதையில் போக்குவரத்தே நிறுத்தப்பட்டது.

ஒரு காரின் சக்கரத்தையும் சஸ்பென்ஷனையும் முழுமையாகச் சோதித்துப் பார்க்கும் சாலை இது. அகலமான அலாய் சக்கரங்களைப் பொருத்தி, ஸ்பிரிங்குகளைக் குறைத்து, தரையோடு ஒட்டியதுபோல் தாழ்த்தப்படும் செடான் கார்கள் கேரளத்தில் ஓர் இளைஞர் கலாசாரமாகவே வளர்ந்துவிட்டன. அந்த மாற்றங்கள் பாதுகாப்பானவையா, சட்டப்படி செல்லுமா என்ற இரண்டு கேள்விகளும் பெரும்பாலும் ஒன்றாகவே பேசப்படுகின்றன. உண்மையில் அவை வெவ்வேறானவை. இந்த வேறுபாட்டைக் கவனிக்காததே கேரளத்தில் பல ஆண்டுகளாக நீடிக்கும் சர்ச்சையின் மையம்.

கேரளத்திலிருந்து எழுந்த வழக்கு

வாகன உருமாற்றம் தொடர்பாக நாடு முழுவதும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு, கேரளத்திலிருந்து சென்ற வழக்கில் பிறந்தது. மாநில மோட்டார் வாகன விதிகளின் அடிப்படையில் உருமாற்றங்களை அனுமதிக்கலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் கருதியது. அதை எதிர்த்துப் போக்குவரத்து அதிகாரிகள் உச்ச நீதிமன்றத்தை அணுகினர். 2019 ஜனவரி 9ஆம் தேதி நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் ஆகியோர் அடங்கிய அமர்வு உயர் நீதிமன்றத்தின் பார்வையை ஏற்க மறுத்தது.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவே அத்தீர்ப்பின் அடித்தளம். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும் வகையில் எந்த உரிமையாளரும் வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது அந்தப் பிரிவு. 2000ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்ட திருத்தமே இந்தக் கண்டிப்பான வடிவத்தை அதற்குத் தந்தது. மத்தியச் சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்கும்போது மாநில விதிகளைக் கொண்டு அதைத் தளர்த்த இயலாது என்பதே உச்ச நீதிமன்றத்தின் முடிவின் சாரம். எரிபொருள் வகையை மாற்றுவது, அனுமதியுடன் அதே வகை எஞ்சினைப் பொருத்துவது போன்றவற்றுக்குச் சட்டமே இடம் தருகிறது.

சக்கரப் பிரியர்கள் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று இதில் உண்டு. 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தின் நோக்கங்களைக் கூறும் அறிக்கை, சாலைப் பாதுகாப்பையும் சுற்றுச்சூழலையும் கருதி, அதிகக் கொள்திறன் கொண்ட டயர்களை மாற்றிப் பொருத்துவது உள்ளிட்ட உருமாற்றங்களைத் தடுப்பது என்று வெளிப்படையாகவே குறிப்பிட்டது. சரக்கு வாகனங்களில் அதிகச் சுமை ஏற்றுவதற்காகப் பெரிய டயர்களைப் பொருத்தும் வழக்கத்தைக் கட்டுப்படுத்துவதற்குப் பொருந்தும் சொற்கள் அவை. இன்று அதே பிரிவு, அழகுக்காக டயரை அகலமாக்கும் செடான் காரின் மீதும் பாய்கிறது.

சான்றிதழில் இல்லாத அளவு

தனியார் காரின் பதிவுச் சான்றிதழில் தயாரிப்பு நிறுவனம், மாடல், நிறம், எஞ்சின் கொள்ளளவு, இருக்கை எண்ணிக்கை, வெற்று எடை, சக்கர இடைத்தூரம் போன்றவை இடம்பெறுகின்றன. டயரின் அகலமோ, ரிம்மின் விட்டமோ, தரைக்கும் அடிப்பகுதிக்கும் இடையிலான உயரமோ அதில் அச்சிடப்படுவதில்லை. ஆக, சான்றிதழின் விவரங்கள் மாறக் கூடாது என்ற சொற்றொடரை எழுத்துக்கு எழுத்து படித்தால், டயர் அகலம் அதற்குள் வராது என்று உரிமையாளர்கள் வாதிடுகின்றனர். தயாரிப்பாளரின் மூல வடிவமைப்பிலிருந்து விலகக் கூடாது என்ற தீர்ப்பின் உட்பொருளைப் படித்தால், வரும் என்று அதிகாரிகள் பதிலளிக்கின்றனர்.

இந்த இடைவெளியை மேலும் குழப்புவது, ஒரே மாடல் தொழிற்சாலையிலிருந்தே வெவ்வேறு சக்கர அளவுகளில் வெளிவருவது. ஐந்தாம் தலைமுறை ஹோண்டா சிட்டியின் தொடக்க வகையில் 185/60 ஆர்15 டயர்களும், உயர் வகைகளில் 185/55 ஆர்16 டயர்களும் பொருத்தப்பட்டன. 2023இல் வெளியான ஹூண்டாய் வெர்னாவில் தொடக்க வகைக்கு 185/65 ஆர்15, உயர் வகைக்கு 205/55 ஆர்16. அதாவது ஒரு வெர்னாவின் டயர் இன்னொரு வெர்னாவினுடையதைவிட 20 மில்லிமீட்டர் அகலமானது. இரண்டுமே தயாரிப்பாளர் ஏற்றவை. தொடக்க வகையை வாங்கியவர் உயர் வகையின் அளவுக்கு மாறினால், அது தயாரிப்பாளரின் வரையறையை மீறியதா, அதற்குள் அடங்கியதா என்பதைச் சாலையோரத்தில் நிற்கும் ஆய்வாளர் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

அளவுகள் சொல்லும் கணக்கு

டயரின் பக்கவாட்டில் உள்ள எண்களே பாதுகாப்பின் முதற்படி. 185/65 ஆர்15 என்றால் அகலம் 185 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 விழுக்காடு. ரிம்மின் விட்டம் 15 அங்குலம். இவற்றைக் கூட்டினால் சக்கரத்தின் மொத்த விட்டம் 621.5 மில்லிமீட்டர். இதற்குப் பதிலாக 205/55 ஆர்16 பொருத்தினால் மொத்த விட்டம் 631.9 மில்லிமீட்டர்; வேறுபாடு 2 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனால் அதே 15 அங்குல ரிம்மில் 205/65 டயரை ஏற்றினால் விட்டம் 647.5 மில்லிமீட்டராகிறது, வேறுபாடு 4 விழுக்காட்டைத் தாண்டுகிறது. இரண்டு டயர்களின் அகலமும் ஒன்றே. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ‘அகல டயர்’ மட்டுமே. விளைவு ஒன்றல்ல.

சக்கரம் பெரிதாகும்போது ஒரு சுற்றில் கார் கடக்கும் தொலைவு கூடுகிறது. சக்கரச் சுற்றுகளை எண்ணி வேகம் காட்டும் மீட்டர், அந்த அளவுக்கு வேகத்தைக் குறைத்துக் கணக்கிடுகிறது. உண்மை வேகத்தைவிடக் குறைவாக மீட்டர் காட்டக் கூடாது என்பது வாகன வடிவமைப்பின் பொது விதி. மேலும், விட்டம் பெரிதான டயர், கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங் முழுதாகத் திரும்பியிருக்கும் நிலையில் மட்கார்டின் உட்புறத்தில் உரசும் வாய்ப்பு அதிகம். பட்டறையின் சமதளத்தில் நிற்கும்போது இந்த உரசல் தெரிவதில்லை.

மறுபுறம், 205/45 ஆர்17 போன்ற மெல்லிய பக்கச் சுவர் கொண்ட டயரின் மொத்த விட்டம் 616.3 மில்லிமீட்டர். விட்டக் கணக்கில் இது மூல அளவோடு நெருங்கியது. ஆனால் இங்கே இன்னோர் எண்ணைப் பார்க்க வேண்டும்: சுமைக் குறியீடு. 88 என்ற குறியீடு ஒரு டயர் 560 கிலோ வரை தாங்கும் என்பதைக் குறிக்கிறது. 84 என்றால் 500 கிலோ. மூல டயரின் குறியீடு 88 ஆக இருந்து, புதிய டயர் 84 ஆக இருந்தால், ஒவ்வொரு சக்கரத்திலும் 60 கிலோ தாங்குதிறனை உரிமையாளர் இழக்கிறார். ஐந்து பேரும் பெட்டிகளுமாக மலையேறும் காருக்கு இது சிறிய இழப்பல்ல. மெல்லிய பக்கச் சுவர் பள்ளங்களின் அதிர்ச்சியை உள்வாங்குவதும் குறைவு. ரிம் வளையவும் விரிசல் விடவும் வாய்ப்பு கூடுகிறது.

மழையிலும் அகலம் எப்போதும் நன்மையல்ல. உலர்ந்த சாலையில் அகல டயர் பிடிப்பைக் கூட்டலாம். நீர் தேங்கிய சாலையில், ஒரே காற்றழுத்தத்தில், அகல டயர் அதிக நீரை விலக்க வேண்டியிருப்பதால், குறைந்த வேகத்திலேயே நீர்ப்படலத்தின் மீது மிதந்து வழுக்கத் தொடங்கும். ஆண்டுக்குச் சராசரியாக 3,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெறும் மாநிலத்தில் இது ஏட்டுக் கணக்கு மட்டுமல்ல.

தாழ்த்தும்போது குறைவது உயரம் மட்டுமல்ல

காரைத் தாழ்த்துவதற்குப் பல வழிகள் உள்ளன. குறிப்பிட்ட மாடலுக்கென வடிவமைத்த குட்டை ஸ்பிரிங்கும் அதற்கேற்ற ஷாக் அப்சார்பரும் பொருத்துவது ஒன்று. உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய காயில் ஓவர் தொகுதி மற்றொன்று. செலவு குறைவானதும் ஆபத்து மிகுந்ததும், இருக்கும் ஸ்பிரிங்கின் சுருள்களை அறுத்துவிடுவது.

எட்டுச் சுருள்கள் இயங்கும் ஸ்பிரிங்கில் இரண்டை நீக்கினால், மிஞ்சிய ஸ்பிரிங் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் விறைப்பு அடைகிறது. அதே நேரத்தில் அது அமுங்குவதற்கான இடம் சுருங்குகிறது. பழைய ஸ்பிரிங்குக்காக அமைந்த ஷாக் அப்சார்பர் இந்தப் புதிய விறைப்பைக் கட்டுப்படுத்தப் போதாது. வளைவின் நடுவே ஒரு பள்ளம் குறுக்கிட்டால், சஸ்பென்ஷன் தன் இறுதி எல்லையான ரப்பர் தடுப்பில் மோதுகிறது. அந்தச் சக்கரத்தின் பிடிப்பு திடீரெனத் தளர்கிறது. சக்கரம் முழுவதும் கீழிறங்கும் தருணத்தில், அறுத்த ஸ்பிரிங் தன் இருக்கையிலிருந்து விலகவும் கூடும்.

பல செடான்களின் முன்புறத்தில் உள்ள மெக்பர்சன் வகை அமைப்பில் இன்னொரு சிக்கல் உண்டு. ஓர் அளவுக்கு மேல் தாழ்த்தினால், வண்டியின் எடை மையம் இறங்குவதைவிட வேகமாக, அது சாயும் அச்சு இறங்கிவிடுகிறது. தாழ்வான கார் வளைவில் குறைவாகச் சாயும் என்ற நம்பிக்கை அந்த எல்லைக்குப் பிறகு தலைகீழாகிறது. சக்கரங்களின் கோணங்களும் மாறுவதால், சீரமைப்பு செய்யாவிட்டால் டயரின் உள்விளிம்பு விரைவில் தேய்கிறது. முகப்பு விளக்கின் உயரமும் கோணமும் மாறுகின்றன.

வேகத்தடைகளைப் பொறுத்தவரை, குறை காரில் மட்டுமில்லை. இந்திய சாலைகள் காங்கிரஸின் 99ஆம் எண் வழிகாட்டுதல், வட்ட வடிவ வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டிருக்க வேண்டும் என்கிறது. சுமார் 2.6 மீட்டர் சக்கர இடைத்தூரம் உள்ள செடான் அத்தகைய தடையைக் கடக்கும்போது, வண்டியின் நடுப்பகுதிக்கு அடியில் எழும் மேடு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் மட்டுமே. தாழ்த்திய காரும் இதைக் கடந்துவிடும். ஆனால் அதே உயரத்தைக் குறுகிய அகலத்தில் குவித்துப் போட்ட தடையில் முழு 10 சென்டிமீட்டரும் வண்டியின் அடிவயிற்றுக்குக் கீழே நிற்கிறது. 165 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட காரை 40 மில்லிமீட்டர் தாழ்த்தி, ஐந்து பேரை ஏற்றினால், எண்ணெய்த் தொட்டி அடிபடுவதற்கு வேறு காரணம் தேவையில்லை.

அமலாக்கம் எங்கே விழுகிறது?

2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் 182ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. அனுமதிக்கப்படாத முறையில் பாகங்களை மாற்றிப் பொருத்தும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்க அது வழிசெய்கிறது. முக்கியப் பாதுகாப்பு உறுப்பு என அறிவிக்கப்பட்ட பாகத்தைத் தரவிதிகளுக்கு மாறாக விற்பவருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு பாகத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம். பொதுமக்களுக்கு ஆபத்தான நிலையில் உள்ள வாகனத்தின் பதிவை நிறுத்திவைக்க 53ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது.

கேரளத்தில் இந்த அதிகாரங்கள் அடுத்தடுத்துப் பயன்படுத்தப்பட்டுள்ளன. 2021 ஆகஸ்டில், பயணக் காணொளிகள் மூலம் புகழ்பெற்ற ‘இ புல் ஜெட்’ குழுவினரின் உருமாற்றப்பட்ட வேனை மோட்டார் வாகனத் துறை கண்ணூரில் கைப்பற்றியது. பின்னர் அதன் பதிவு நிறுத்திவைக்கப்பட்டது. சமூக ஊடகங்களில் மாநிலமே இரண்டாகப் பிரிந்து விவாதித்தது. 2022 அக்டோபரில் பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில், பள்ளிச் சுற்றுலாப் பேருந்து அரசுப் பேருந்தின் பின்புறம் மோதியதில் 9 பேர் உயிரிழந்தனர். சுற்றுலாப் பேருந்தின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி திருத்தப்பட்டிருந்தது விசாரணையில் தெரியவந்தது. அதன்பின் கேரள உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து இந்த விவகாரத்தைக் கையில் எடுத்தது. உருமாற்றப்பட்ட வாகனங்கள் மீதும், அவற்றைக் காணொளிகளில் விளம்பரப்படுத்துவோர் மீதும் நடவடிக்கை எடுக்கத் துறைக்குக் கண்டிப்பான உத்தரவுகள் பிறந்தன.

இந்த நடவடிக்கைகளின் தேவையை மறுக்க முடியாது. ஆனால் அவற்றின் கீழ் ஒரே தராசில் நிறுக்கப்படுபவை ஒரே எடை கொண்டவை அல்ல. வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைச் செயலிழக்கச் செய்வதும், எதிரே வருவோரின் கண்ணைக் கூசவைக்கும் விளக்கும், அறுத்த ஸ்பிரிங்கும், அதே மாடலின் உயர் வகைக்குரிய 16 அங்குலச் சக்கரமும் ‘உருமாற்றம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைபடுகின்றன. கண்ணுக்குத் தெரிவது பிடிபடுகிறது. அளந்தால் மட்டுமே தெரிவது தப்பிவிடுகிறது. சுமைக் குறியீடு குறைந்த டயரும் அறுத்த சுருளும் சாலையோரச் சோதனையில் எளிதில் சிக்குவதில்லை. பளபளக்கும் ரிம் சிக்குகிறது.

இதன் விளைவு மறைமுகமானது. எந்த மாற்றமும் சட்டத்துக்குப் புறம்பு என்றால், நல்ல பாகத்துக்கும் மட்டமான பாகத்துக்கும் உரிமையாளரின் கண்ணில் வேறுபாடு இல்லாமல் போகிறது. எதைப் பொருத்தினாலும் அபராதம் ஒன்றே என்னும்போது, விலை குறைந்ததே வெல்கிறது. பரிசோதனைக்கு வரும் நாளில் பழைய சக்கரங்களை மாட்டிக் காட்டிவிட்டு, மறுநாள் புதியவற்றுக்குத் திரும்பும் உத்திக்கும் அதுவே வழிவகுக்கிறது.

காப்பீடும் இதே முடிச்சில் சிக்குகிறது. வாகனத்தின் இயல்பை மாற்றும் திருத்தங்களைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது காப்பீட்டு ஒப்பந்தங்களின் பொது நிபந்தனை. சட்டத்துக்குப் புறம்பானதைத் தெரிவிக்க உரிமையாளர் தயங்குகிறார். தெரிவிக்காத மாற்றம் விபத்துக்குப் பின் சர்வேயரின் கண்ணில் பட்டால், சொந்தச் சேதத்துக்கான இழப்பீடு கேள்விக்குள்ளாகிறது.

திறக்கப்படாத கதவு

இதற்கான தீர்வு சட்டத்துக்கு வெளியே இல்லை. 182ஏ பிரிவைக் கொண்டுவந்த அதே 2019ஆம் ஆண்டுத் திருத்தம், 52ஆவது பிரிவில் ஒரு புதிய விதிவிலக்கையும் சேர்த்தது. வாகன மாற்றங்களுக்கான தரவரையறை, ஏற்பு நிபந்தனை, பொருத்தும் முறை ஆகியவற்றை மத்திய அரசு வகுக்கலாம். அவ்வாறு செய்யப்படும் மாற்றத்தால் தயாரிப்பாளரின் உத்தரவாதம் செல்லாததாகக் கருதப்படாது என்கிறது அது. தண்டனைப் பிரிவு உடனே பேசப்பட்டது. இந்த விதிவிலக்கு பேசப்படவில்லை.

இந்த வழி இந்தியாவுக்குப் புதியதுமல்ல. எரிவாயுக் கருவிகளுக்கும், பழைய வாகனத்தை மின்சாரத்துக்கு மாற்றும் கருவிகளுக்கும் இதே போன்ற நடைமுறை ஏற்கெனவே உண்டு. கருவியைச் சோதனை நிறுவனம் பரிசோதித்து ஏற்கிறது. அங்கீகாரம் பெற்றவர் பொருத்துகிறார். வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் சான்றிதழில் பதிவு செய்கிறது. புணேயில் ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் ஐகேட், சென்னையை அடுத்த ஒரகடத்தில் ஜி.ஏ.ஆர்.சி. எனச் சோதனைக் கூடங்கள் இயங்குகின்றன. பயணிகள் கார்களின் ரிம்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 9436 தரமும் இருக்கிறது. எரிபொருளையே மாற்றும் அளவுக்குப் பெரிய மாற்றத்துக்கு வழி இருக்கும் நாட்டில், சக்கரத்துக்கும் ஸ்பிரிங்குக்கும் அப்படியொரு தெளிவான வழி இல்லாதது முரண்.

பிற நாடுகள் இந்த இடைவெளியை வெவ்வேறு வகையில் நிரப்பியுள்ளன. ஜெர்மனியில் அனுமதியில்லாத மாற்றம் செய்தால் வாகனத்தின் இயக்க உரிமமே காலாவதியாகும். அதேசமயம், சோதனை அறிக்கை பெற்ற ரிம்மையோ ஸ்பிரிங்கையோ பொருத்தி, டி.யூ.வி. போன்ற அமைப்பின் ஆய்வில் தேறினால், அது வாகன ஆவணத்தில் ஏற்றப்படும். ஜப்பானில் தரை இடைவெளி குறைந்தது 9 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். வாகனத்தின் உயரம் 4 சென்டிமீட்டருக்குள் மாறினால் கட்டமைப்பு மாற்ற நடைமுறை தேவையில்லை. இரு நாடுகளும் இந்தியாவைவிடத் தளர்வானவை என்று சொல்லிவிட முடியாது. எதை அளக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்திருக்கின்றன என்பதே வேறுபாடு.

அதிகாரிகள் தரப்பிலும் ஏற்கத்தக்க தயக்கம் உண்டு. ஏற்பு நடைமுறை வந்தால் அதைக் கண்காணிக்க ஆட்கள் வேண்டும்; பொய்ச் சான்றுகள் புழங்கலாம்; ஒரு சலுகை பல முறைகேடுகளுக்கு வாசலாகலாம். எனவே முதற்படியாக, மூன்று எல்லைகளை மட்டும் வகுத்தாலும் குழப்பத்தின் பெரும்பகுதி நீங்கும்: மூல விட்டத்திலிருந்து அனுமதிக்கப்படும் விலகல், மூல டயருக்குக் குறையாத சுமைக் குறியீடு, முழுச் சுமையில் இருக்க வேண்டிய குறைந்தபட்சத் தரை இடைவெளி. இவற்றோடு, ஒரே மாடலின் எல்லா வகைகளுக்கும் தயாரிப்பாளர் ஏற்ற சக்கர அளவுகளைப் பொதுவில் வெளியிடுவதைக் கட்டாயமாக்கலாம். அளவு நாடாவும் டயரில் அச்சிட்ட எண்களும் இருந்தாலே சாலையோர ஆய்வாளர் தீர்மானிக்க முடியும்.

மோட்டார் வாகனங்கள் அரசமைப்பின் பொதுப் பட்டியலில் அடங்கும் பொருள். ஆயினும் 52ஆவது பிரிவின் கீழ் வரையறை வகுக்கும் பொறுப்பு மத்திய அரசுடையது. அமலாக்கச் சுமை மாநிலங்களுடையது. நாகர்கோவிலிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ பொன்முடிக்குச் செல்லும் தமிழ்நாட்டுப் பதிவெண் காருக்கும் இதே சட்டமே பொருந்தும். வரையறை வரும்வரை, தயாரிப்பாளர் தம் மாடலுக்கு ஏற்ற அளவுகளைத் தாண்டிச் செல்லும் எந்தச் சக்கரமும், எந்தத் தாழ்த்தலும் உரிமையாளரைச் சட்டத்தின் முன்பும் காப்பீட்டின் முன்பும் பலவீனமான நிலையிலேயே நிறுத்தும். அபராதத் தொகை மட்டும் வகுக்கப்பட்டு அளவுகோல் வகுக்கப்படாதவரை, மலைச்சாலையில் உயிரைக் காக்கும் மாற்றத்தையும் உயிரைப் பறிக்கும் மாற்றத்தையும் பிரித்தறியும் வேலையை எவரும் செய்யப்போவதில்லை.